ஆவுடைநாயகத்தின் வாசலில் கிடந்த செருப்பு

நல்லாம்புதூரில் இருக்கும் ஒருவரின் பெயரை யாராவது செல்போனில் தேடினால், தேடியவரின் செருப்பு கழற்றிப் போட்ட இடத்தை விட்டுப் போய், தேடப்பட்டவரின் வாசலில் கிடக்கும். எப்படிப் போகும் என்று யாரும் பார்த்ததில்லை. இருந்த இடத்தில் இருக்காது, போன இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். முதலில் இது நடந்தது ஒரு ஆவணி மாதம். பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த மாப்பிள்ளையின் தாயாருடைய சிவப்புச் செருப்பு, அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே பெண் வீட்டு வாசலில் வந்து கிடந்தது. பெண்ணின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "செருப்பு வந்துட்டு, ஆளைக் காணோமே" என்று காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஒரு வாரம் பேசினார்கள். ஊருக்குத் தெற்கே புதிதாக நட்ட செல்போன் கோபுரத்தைச் சிலர் சொன்னார்கள். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே நுழைய வேண்டும், இதில் என்ன அதிசயம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டாவது பேச்சு எல்லோருக்கும் நியாயமாகப் பட்டதால், அதற்குமேல் காரணம் தேடாமல், இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

மழைக்குக் குடை போல இதற்கும் ஒழுங்குகள் வந்தன. வாசலில் அந்நியச் செருப்பு கிடந்தால் அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட வேண்டும், யாருடையது என்று சத்தம் போட்டுக் கேட்கக் கூடாது. செருப்புக்காரர் எடுக்க வரும்போது வீட்டுக்காரர் உள்ளே ஏதாவது வேலையாக இருப்பதுபோல் இருக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் நடப்பதற்கு ஒரு ஜோடி, தேடுவதற்கு ஒரு ஜோடி என்று வாங்கினார்கள், ஆனால் கடைசியாகக் காலில் எது இருந்ததோ அதுதான் போகும் என்பதால் தேடுவதற்கு முன் பத்தடி நடந்துவிட்டு வர வேண்டியிருந்தது. முருகனுக்கு மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் திடீரென்று ஊரில் மதிப்பு கூடியது. "சாமி, எனக்காக ஒரு பேரைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று அவர்களைத் தேடி வாழைப்பழத்தோடு ஆட்கள் போனார்கள். துபாயில் இருந்த ஒருவனுடைய கனத்த பூட்ஸ், மணலோடு, அவன் விட்டுப்போன பெண்ணின் வாசலில் மாதம் ஒருமுறை கிடந்தது. அவள் புருஷன் அதைத் தட்டித் துடைத்துத் திருப்பி வைத்தான். உள்ளாட்சித் தேர்தலில் நின்ற ஒருவர், தன் வாசலில் ஒரு ஜோடிகூட வராத வருத்தத்தில், பக்கத்து ஊர்க் கடையில் பன்னிரண்டு ஜோடி வாங்கி வந்து தானே பரப்பி வைத்தார். எல்லாம் ஒரே அளவாக இருந்ததால் ஊர் சிரித்தது.

இந்த ஊரில்தான் ஆவுடைநாயகம் ஆறு வருடமாகக் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்தார். வயது ஐம்பத்தேழு. கோயில் தெருவின் கடைசியில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய முழுப்பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர் வைக்கும் அவியலுக்காகவே மாப்பிள்ளை வீட்டார் இந்த ஊர் மண்டபத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆறு வருடமாக அவர் வாசலில் அவர் செருப்பைத் தவிர வேறு செருப்பு கிடந்ததில்லை. ஊரே ஒருவர் வாசலை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், தன் வாசல் வெறுமையாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகப் படுத்த ஒரே மனிதர் அவர்தான்.

ஏனென்றால் அந்தப் பெயரைத் தேடினால் முதலில் வருவது ஒரு பழைய செய்தி. "கல்யாண வீட்டில் விஷச் சாப்பாடு: சமையல்காரர் கைது." கீழே ஒரு படம், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் மடித்துக் கட்டிய வேட்டியோடு அவர். வடக்கே வேறொரு ஊரில், வேறொரு மண்டபத்தில், நாற்பத்திரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், ஒரு பெரியவர் இறந்துபோனார். வழக்கு ஐந்து வருடம் நடந்தது. பம்புசெட் அறையில் பூச்சிமருந்து தெளிப்பானைக் கழுவிய தண்ணீர் கிணற்றில் கலந்ததுதான் காரணம், சமையலில் பிழையில்லை என்று கோர்ட் சொல்லி அவரை விடுதலை செய்தது. அதற்கு முன்பே அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். கைது செய்ததைப் போட்ட பேப்பர் விடுதலை செய்ததைப் போடவில்லை.

இந்த நிலையில், பங்குனி பிறந்து நாலாம் நாள், விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் வாசலில் நீலவார் ரப்பர்ச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது.

நீலவார்ச் செருப்பு ஊரில் பாதிப்பேர் காலில் கிடப்பது. ஆவுடைநாயகம் அதைத் திருப்பி வைக்கக் குனிந்தவர், வழக்கத்துக்கு மாறாக, கையில் எடுத்து அடியைப் பார்த்தார். இடதுகால் செருப்பில் வார் பிய்ந்த ஓட்டைக்குக் கீழே பச்சை ஒயர் முடிந்திருந்தது. அந்த முடிச்சு போட்டதை அவரே பார்த்திருக்கிறார். மண்டபத்தில் மைக்செட் போடும் சங்கிலி என்பவன், அடுப்படியில் உட்கார்ந்து, சீரியல் பல்பு ஒயரில் ஒரு துண்டை வெட்டி முடிந்தபோது, "ஏலே, செருப்புக்கும் கரண்டு குடுக்கியா?" என்று அவர்தான் கேலி செய்தார்.

சங்கிலிக்கு முழுப்பெயர் எப்படித் தெரிந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கேஸ் சிலிண்டர் எடுப்பதற்கு ஆதார் நகல் வேண்டும் என்று மண்டபத்தின் சாவியை வைத்திருந்த தங்கபுஷ்பம் கேட்டாள். முந்தின நாள்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் அறைக்கு வெளியேதான் சங்கிலியின் மைக்செட் மேசை. பார்த்திருப்பான்.

மறுநாள் விடியுமுன் அவர் வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது செருப்பு இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி வந்து கிடந்தது. அதற்கு மறுநாளும். ஒரு தடவை என்றால் ஏதோ ஆர்வம் என்று விடலாம். தினமும் ஒருவன் ஒரு பெயரைத் தேடுகிறான் என்றால் அவன் மனதில் ஏதோ வேகிறது என்று ஆவுடைநாயகம் நினைத்தார்.

அன்றிலிருந்து அவருக்குச் சங்கிலி செய்வதெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. செம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு அவன், "மாஸ்டர், இது எந்தக் கெணத்துத் தண்ணி? உப்புக் கரிக்கி" என்றான். கரண்டி அவர் கையில் அப்படியே நின்றது. மைக்கைத் தட்டி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணும்போது அவன் கண் அடுப்படிப் பக்கம் வந்தது. நாற்பத்திரண்டு வரை எண்ணப் போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒருநாள் வயிற்று வலி என்று அவன் சாப்பிடாமல் போனான். அந்த ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. மறுநாள் வந்து இரண்டு மடங்கு சாப்பிட்டான். அதுவும் ஒரு நடிப்பு என்று பட்டது.

தேங்காய் துருவுகிறவர்கள் இரண்டுபேர் ரகசியம் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. யார் இலையில் என்ன மிச்சம் கிடக்கிறது என்று எச்சில் இலைத் தொட்டியருகே நின்று பார்க்க ஆரம்பித்தார். கூட்டைத் தொடாதவர் ஒருவர், பாயசத்தை ஒதுக்கியவர் ஒருவர். சர்க்கரை வியாதி என்று அவருக்கே தெரியும், இருந்தும் மனது கேட்கவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லை. கேட்டால் அந்தச் செய்தி ஊருக்குத் தெரியும். தெரிந்தால் அவர் கையால் ஒருவரும் ஒரு பருக்கை தின்னமாட்டார்கள், இன்னொரு ஊர் தேடிப் போகிற வயது அவருக்கு இல்லை. அதனால் கரண்டியால் பேசினார். சங்கிலியின் இலைக்கு அடிப்பிடித்த சோறும், தண்ணீர் விட்ட சாம்பாரும், முந்திரி விழாத பாயசமும் போனது. சங்கிலி எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "மாஸ்டர் கையில தனி ருசிதான்" என்றான். எவ்வளவு அழுத்தக்காரன் என்று ஆவுடைநாயகம் பல்லைக் கடித்தார்.

இப்படியே ஒரு மாதம் ஓடி, சித்திரையில் பொன்னுலிங்கத்தின் மகள் கல்யாணம் வந்தது. பொன்னுலிங்கம் ஊரில் உரக்கடை வைத்திருந்தவர், ஒரே பெண். அன்று விடியுமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது வாசலில் கிடந்த செருப்பை ஆவுடைநாயகம் திருப்பி வைக்கவில்லை. ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். இன்றைக்கு அவன் வெறுங்காலோடு வரட்டும், பார்ப்போம் என்பது கணக்கு. ஆனால் மண்டபத்துக்குள் எல்லோருமே வெறுங்காலோடுதான் திரிவார்கள் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

முதல் பந்தி எழுந்து, இரண்டாம் பந்திக்கு இலை போட்டு, ஜனங்கள் உட்கார்ந்து தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். அடுப்படி வாசலில் சங்கிலி தலையை நீட்டினான்.

"மாஸ்டர், பரிமாறப் போறாகன்னு மைக்ல சொல்லிறட்டுமா? இந்தப் பந்திக்குப் பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

சோறு போதுமா என்றுதான் அவன் கேட்டான். அப்படித்தான் ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பான். ஆனால் ஒரு மாதமாக வெந்துகொண்டிருந்த மனதுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆவுடைநாயகம் கரண்டியை அண்டாவின் மேல் வைத்தார், தோளில் கிடந்த துண்டை உதறினார், மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போய், அவன் மைக்கைக் கையில் எடுத்த நேரத்தில், மேசைமேல் செருப்பைக் கவிழ்த்தார்.

"இது யாரு செருப்புல?"

சங்கிலி குனிந்து பார்த்தான். "நம்ம செருப்பு மாதிரில்லா இருக்கு! எங்க கெடந்துது அண்ணாச்சி?"

"எங்க கெடந்துதா? என் வாசல்ல! ஒரு மாசமா! ஏலே, ஒரு தடவை படிச்சா உனக்குப் போதாதா? ஆவுடைநாயகம்னு ஒரு சமையக்காரனைப் புடிச்சுட்டுப் போனாக, நாப்பத்திரெண்டு பேரு ஆஸ்பத்திரியில கெடந்தாக, ஒரு பெரியவரு செத்துப்போனாருன்னு ஒரு தடவை படிச்சா மண்டையில ஏறாதா? தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துல என்னைக் கொல்லணுமா?"

 சங்கிலி செருப்பையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த மைக்கைப் பார்த்தான்.

"அண்ணாச்சி," என்றான் ரகசியமாக, "மைக்கு ஆன்ல இருக்கு."

அந்த ரகசியமும் மண்டபம் முழுக்கக் கேட்டு, வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியே மூன்று தெருவுக்கும் கேட்டது.

இலைக்கு மேல் நீண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்களின் கை வயிற்றுக்குப் போனது. பிறகு, யாரும் யாரிடமும் சொல்லாமலேயே, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் செல்போனை எடுத்து, இப்போதுதான் தெரிந்துகொண்ட அந்தப் பெயரைத் தேடினார்கள். படிக்கட்டில் பலூன் விற்றுக்கொண்டிருந்தவர் எதற்கோ திரும்பிப் பார்த்தார், முந்நூறு ஜோடிச் செருப்பு கிடந்த படியில் பதினோரு ஜோடி கிடந்தது. ஒன்பது குழந்தைகளுடையவை, இரண்டு செல்போன் இல்லாதவர்களுடையவை.

"அண்ணாச்சி, சத்தியமா நான் இல்லை," என்று சங்கிலி கும்பிட்டான். "அந்தச் செருப்பு தை மாசமே இந்தப் படியில காணாமப் போச்சு. கேட்டுப் பாருங்க, அன்னைக்கு நான் வேற எவஞ்செருப்பையோ போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

"அவனை விடுங்க மாஸ்டர். தேடுனது நான்."

தங்கபுஷ்பம் தன் அறை வாசலில் நின்றாள். இடுப்பில் சாவிக்கொத்து, வெயிலில் நடந்து வந்து சிவந்த வெறுங்கால். ஐம்பது வயதுக்காரி, அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"அந்தத் தை மாசக் கல்யாணத்துல என் செருப்பை யாரோ மாட்டிட்டுப் போயிட்டாக. கடைசியா மிஞ்சிக் கெடந்த இதை நான் மாட்டிக்கிட்டேன். ஊருல எல்லாரும் செய்யுததுதானே."

"நீங்களா?" ஆவுடைநாயகம் சங்கிலியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "தெனமும் எதுக்கு?"

"தீர்ப்பு என்னன்னு பாக்க. புடிச்சிட்டாகன்னு போட்டிருக்கு, பெறகு என்ன ஆச்சுன்னு போடலை. நாளைக்குப் போட்டிருப்பான், நாளைக்குப் போட்டிருப்பான்னு தெனமும் பாத்தேன்."

"என்கிட்ட கேக்கலாமே!"

"கேட்டா நீங்க ஊரை விட்டுப் போயிருவீய. கேக்காம உங்களைச் சமைக்கவும் விட முடியலை. அதனால ஒவ்வொரு கல்யாணத்துலயும் பந்திக்கு முன்னால எல்லா அண்டாவுலயும் ஒவ்வொரு வாய் எடுத்து நான் தின்னேன். அரைமணி நேரம் பாத்துட்டு, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா கதவைத் திறந்துவிட்டேன். இன்னைக்கும் தின்னிருக்கேன்."

இது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, கன்னத்தில் அறைந்தது போலவும் இருந்தது. எது அதிகம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

தங்கபுஷ்பம் சங்கிலியின் கையிலிருந்து மைக்கை வாங்கி அவர் முன்னால் நீட்டினாள். "தீர்ப்பு என்னன்னு சொல்லிருங்க மாஸ்டர். அங்க போடாததை இங்க சொல்லுங்க."

ஆவுடைநாயகம் சொன்னார். கிணறு, தெளிப்பான், ஐந்து வருடம், விடுதலை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்ததும் பலர் மறுபடி செல்போனைப் பார்த்தார்கள். அதில் அப்படி ஒன்றும் இல்லை. போலீஸ்காரர்களுக்கு நடுவே அதே படம்தான் நின்றது.

"தீர்ப்பு பேப்பர் வச்சிருக்கீரா?" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வீட்டுல இருக்கு. பெட்டியில. வந்து பாக்கலாம்."

"செருப்பு இல்லையே வே, எப்படிப் போறது!" என்றது இன்னொரு குரல். வாசல்வரை போனவர்கள் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார்கள். சித்திரைப் பகல் பன்னிரண்டரை மணி. தார் ரோடு இளகிக் கிடந்தது.

பெண்ணைப் பெற்ற பொன்னுலிங்கம் மணமேடை ஓரத்தில் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். போடுங்கள் என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் சங்கிலிதான் மைக்கில் சொன்னான்: "இரண்டாம் பந்தி பரிமாறப்படுகிறது. சாப்பிட நெனைக்கிறவங்க உக்காந்திருக்கலாம். எந்திரிக்க நெனைக்கிறவங்க எந்திரிக்கலாம், ஆனா வெயில் தாழத்தான் வெளிய போக முடியும்."

சோறு வந்தது, சாம்பார் வந்தது. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி ஒரு இலையில் உட்கார்ந்து பிசைந்து முதல் வாய் எடுத்தான். அவனை ஐந்து நிமிடம் பார்த்தார்கள். பிறகு பசி தாங்காத ஒருவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று பாதிப் பந்தி சாப்பிட்டது. மீதிப் பாதி இலையை மூடிவிட்டு எழுந்து, சுவரோரம் சாய்ந்து, சாப்பிட்டவர்களுக்கு ஏதாவது ஆகிறதா என்று காவல் காத்தது.

வெயில் தாழ்ந்ததும் ஊர் வெறுங்காலோடு கோயில் தெருவின் கடைசி வீட்டுக்கு நடந்தது. அந்த வீட்டின் கதவு தெரியவில்லை. இடுப்பளவுக்குச் செருப்பு குவிந்து, சரிந்து, சாக்கடை வரை கிடந்தது. ஒருவர் எடுப்பதை ஒருவர் பார்க்கக் கூடாது என்ற ஒழுங்கெல்லாம் அன்று செல்லவில்லை. ஆவுடைநாயகம் ஒரு ஓரத்தைத் தள்ளி இடம் செய்துகொண்டு உட்கார்ந்தார். ஜோடி சேர்த்து நீட்டும்போது ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாப்பிட்டியளா?"

வருகிறவர் போகிறவரையெல்லாம் ஊரே கேட்கிற கேள்வி.  சிலர் "ஆச்சு மாஸ்டர்" என்றார்கள். சிலர் "வெரதம்" என்றார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை வாங்கினார்கள். பொய் சொன்னவர்களும் உண்டு. செருப்பை வாங்க நீண்ட கையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்தது. சாப்பிட்ட கையின் நகக்கண்ணில் மஞ்சள் நிற்கும், எவ்வளவு கழுவினாலும் நெய்வாசம் போகாது. யார் யார் கை காய்ந்திருந்தது என்று ஒன்றுவிடாமல் அவர் மனதில் பதிந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நாலைந்து பேர் தீர்ப்பைக் காட்டச் சொன்னார்கள். எடுத்துக் காட்டினார். நின்றபடி முழுவதையும் படித்தார்கள், இரண்டு பேர் அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியாகப் பொன்னுலிங்கம் வந்தார். பெண்ணை வழியனுப்பிவிட்டு வந்த கண். குவியலில் அவருடைய தோல் செருப்பு ஒன்றுதான் மிச்சம்.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன் மாஸ்டர்."

கை காய்ந்திருந்தது. ஆவுடைநாயகம் செருப்பை நீட்டினார். பொன்னுலிங்கம் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனார். அங்கே நின்றார். திரும்பி வந்தார்.

"சாப்பிடலை மாஸ்டர். பொண்ணைப் பெத்தவன் கடைசியிலதான் சாப்பிடணும்னு இருந்துட்டேன்னு சொல்லலாம். அது பொய். பயமா இருந்துது."

"இப்ப?"

"இப்பவும்தான் இருக்கு." பொன்னுலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா என் மவ கல்யாணச் சோத்தை நான் தின்னலைன்னா, நாளைக்கு அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஏதாவது மிச்சம் இருக்கா?"

"சோறு இருக்கு. ரசம் ஆறியிருக்கும், சுட வைக்கணும்."

ஆவுடைநாயகம் வீட்டைப் பூட்டினார். இருவரும் மண்டபத்துக்கு நடந்தார்கள். அடுப்படியில் பொன்னுலிங்கம் ஒரு முக்காலியை இழுத்து, அடுப்புக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, பாத்திரத்தைக் கழுவுவதிலிருந்து தீயைத் தணிப்பது வரை மாஸ்டரின் கை போன இடமெல்லாம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். விளக்கு வெளிச்சம் போதாது என்று நினைத்த ஆவுடைநாயகம், எட்டி இன்னொரு பல்பையும் போட்டுவிட்டு, கரண்டியை எடுத்தார்.